இரவல் போகும் பாடவேளை

(சேலத்தில் நடந்த பெற்றோர் ஆசிரியர் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமையாசிரியர்களுக்கும், ஆசிரியத் தோழர்களுக்கும், அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் என் வணக்கம்.

பணியில் இருந்த காலத்தில் ஒருநாள், எட்டாம் வகுப்பின் விளையாட்டுப் பாடவேளையில், ஒரே ஒரு மாணவனுக்காக ஸ்டாப் வாட்ச்சைப் பிடித்தேன். மாடியிலிருந்து வரிசையாக இறங்கி மைதானத்துக்கு வர 6 நிமிடம், வருகைப் பதிவுக்கு 4 நிமிடம், ஆள் பிரிக்க 5 நிமிடம், முடிவில் முகம் கழுவித் தண்ணீர் குடித்து வகுப்புக்குத் திரும்ப 6 நிமிடம் போயிற்று. நடுவில் மிஞ்சிய நேரத்திலும், 48 பிள்ளைகளுக்கு இரண்டே பந்துகள் இருந்ததால், அவன் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு தன் முறைக்காகக் காத்து நின்றான். 40 நிமிடப் பாடவேளையில் அவன் உடம்பு மெய்யாக ஓடியாடியது 9 நிமிடம். அந்த வகுப்பை நடத்தியவன் நான் என்பதால், அந்தக் கணக்கு என்னை இன்றும் விடவில்லை.

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்றும், எலும்பையும் தசையையும் வலுவாக்கும் பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வாரத்துக்கு 420 நிமிடம். நம் பள்ளிகள் பலவற்றின் நேர அட்டவணையில் இதற்கென இருப்பதோ இரண்டு பாடவேளை, 80 நிமிடம். அந்த எண்பதிலும் ஓடியது பதினெட்டு என்றால், மீதியைப் பிள்ளை வேறெங்கே தேடிக்கொள்ளும்? முன்பெல்லாம் தெரு கொடுத்தது. அம்மாப்பேட்டையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் எந்தத் தெருவில் இன்று மாலையில் கிட்டிப்புள் ஆட முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். உலகம் முழுவதிலும் 11 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் 81 விழுக்காட்டினர் இந்த 60 நிமிடத்தை எட்டவில்லை என்பது 2016ஆம் ஆண்டின் கணக்கு.

இருக்கிற இரண்டும்கூட நம் கைக்கு முழுதாக வருவதில்லை. "சார், போர்ஷன் முடியலை, இன்னைக்கு மட்டும் உங்க பீரியடைக் கொடுங்க" என்று கணக்கு ஆசிரியர் கேட்பார்; கொடுத்துவிடுவோம். நானும் கொடுத்திருக்கிறேன், பலமுறை. விளையாட்டு வகுப்பைக் கணக்குக்குக் கொடுத்த ஆசிரியர் எல்லாப் பள்ளியிலும் உண்டு; கணக்கு வகுப்பை விளையாட்டுக்குக் கொடுத்தவரை நான் இதுவரை கண்டதில்லை. உடற்கல்வி ஆசிரியருக்கும் விலையில்லாச் சைக்கிள் வழங்குவது, விழாவுக்குப் பந்தல் பார்ப்பது, தாமதமாக வருவோரை வாசலில் நிறுத்துவது என்று வேறு வேலைகள் வந்து சேரும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும், வகுப்புதோறும் விளையாட்டுக் கருவிகள் வேண்டும், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. வாரத்தில் எத்தனை பாடவேளை என்று அது வரையறுக்கவில்லை. அது அட்டவணை போடுகிறவர் கையில் இருக்கிறது. ஆகவேதான் இந்த மேடையில் உங்களிடம் கேட்கிறேன்.

நாள்தோறும் ஓர் உடற்கல்விப் பாடவேளை வேண்டும். வாரத்துக்கு 40 பாடவேளை உள்ள பள்ளியில் அது எட்டில் ஒரு பங்கு. அதைவிட முக்கியமானது, அந்த ஒன்றை எங்கே வைக்கிறோம் என்பது. காலை நேரம் முழுவதையும் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணிக்கு உடற்கல்வியை வைப்பது நம் வழக்கம். மார்ச் மாதத்துச் சேலத்து வெயிலில் அந்த நேரத்தில் மைதானத்து மண்ணில் வெறுங்காலை வைத்துப் பார்த்தவர்கள் அப்படி ஓர் அட்டவணையைப் போட மாட்டார்கள். முதல் இரண்டு பாடவேளைகளையும் கடைசிப் பாடவேளையையும் வகுப்புகள் மாறி மாறிப் பகிர்ந்துகொள்ளலாம்.

இடமில்லை என்கிறவர்களுக்கு ஏற்காட்டைச் சொல்வேன். சேர்வராயன் மலையில் சமதளமான திடல் எளிதில் கிடைக்காது. பனிமூட்டம் இறங்கினால் எறிந்த பந்தும் கண்ணுக்குத் தெரியாது. அங்கே ஒரு சிறிய பள்ளியில், வராந்தாவை ஒட்டிய சிமெண்ட் தளத்தில், ஆளுக்கொரு கயிறாக இருபத்தைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஸ்கிப்பிங் ஆடுவதைப் பார்த்தேன். யாரும் முறைக்காக நிற்கவில்லை. பத்தாவது நிமிடத்தில் அந்தக் குளிரிலும் ஒரு சிறுமி ஸ்வெட்டரைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு மறுபடி கயிற்றை எடுத்தாள். எலும்பின் வலுவில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அதைச் சேர்க்க இப்படிக் குதித்தலும் ஓடலும் பெரிதும் உதவும்.

நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, சிறு வயதில் பேருந்து காலில் ஏறியதால் ஊனமுற்றவர், 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றதை அறிவீர்கள். அவருக்குள் இருந்த தாண்டும் திறனை முதலில் கண்டுகொண்டவர் அவருடைய பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அந்தப் பாடவேளை இரவல் போயிருந்தால் யார் கண்டிருப்பார்கள்? ஆனாலும் என் கவலை பதக்கம் பெறுகிறவர்களைப் பற்றியதன்று. எந்த அணியிலும் சேர்க்கப்படாமல், மரத்தடியில் மற்றவர்களின் செருப்புக்குக் காவலாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றியது. ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் வயிற்றுவலி என்று சொல்லி ஒதுங்கும் பெண் பிள்ளைகளும் அதில் சேர்த்தி. கழிப்பறையில் தண்ணீரும், ஓடுவதற்கு வசதியான சீருடையும் கிடைத்த ஆண்டில், அதே பிள்ளைகள் கோ-கோவுக்கு முதலில் வந்து நின்றதை நான் கண்டேன்.

பத்தாம் வகுப்புப் பெற்றோர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் உங்கள் பிள்ளைக்கு விளையாட்டே கிடையாது என்று பள்ளி சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வராதீர்கள். காலைச் சிறப்பு வகுப்பு, மாலைச் சிறப்பு வகுப்பு, பிறகு டியூஷன் என்று பதின்மூன்று மணி நேரம் பெஞ்சில் இருக்கும் பிள்ளை அது. அதற்கு ஒரு நாளில் 40 நிமிடம் கேளுங்கள். எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.