தேய்க்காத காகிதம் ஏன் சீப்பிடம் ஓடுகிறது?

மாணவச் செல்வங்களே, வணக்கம்.

தலைமுடியில் தேய்த்த பிளாஸ்டிக் சீப்பு காகிதத்துணுக்குகளை இழுக்கும். ஏன் என்று கேட்டால், "எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும்" என்று எல்லா வகுப்பிலும் ஒரே குரலில் பதில் வரும். அந்தப் பதிலை இன்று கொஞ்சம் உரசிப் பார்ப்போம். காகிதத்தை யாரும் தேய்க்கவில்லையே! அதன் மொத்த மின்னூட்டம் சுழி. அப்படியானால் எதற்கு எது எதிர்?

முதலில் சீப்பு. தேய்ப்பதால் மின்னூட்டம் புதிதாகப் பிறப்பதில்லை. முடியிலிருந்த எலக்ட்ரான்கள் கொஞ்சம் சீப்புக்கு இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். சீப்பு எதிர்மின்னூட்டம் பெற்றால், முடி அதே அளவு நேர்மின்னூட்டம் பெறும். கூட்டிப் பாருங்கள், பழைய சுழிதான்.

எவ்வளவு மாறியிருக்கும்? ஒரு எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602 × 10⁻¹⁹ கூலூம் (மின்னூட்டத்தை அளக்கும் அலகு). ஒரு கூலூம் சேர ஏறத்தாழ 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்கள் வேண்டும். சீப்பில் அவ்வளவு ஏறுமா? பேச்சுக்குக்கூட வேண்டாம்! தலா ஒரு கூலூம் கொண்ட இரு புள்ளிகளை 1 மீட்டர் தள்ளி வைத்தால் விசை 9 × 10⁹ நியூட்டன். சுமார் 9 லட்சம் டன் எடைக்குச் சமம். உங்கள் கணக்குகளில் மைக்ரோகூலூம் (கூலூமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அடிக்கடி வருவது சும்மா இல்லை.

இனி காகிதம். அது மின்காப்பான், எலக்ட்ரான்கள் ஓடித் திரிய முடியாது. ஆனால் சீப்பு நெருங்கும்போது ஒவ்வொரு மூலக்கூறுக்குள்ளும் அவை ஒரு துளி விலகி நிற்கும். சீப்பைப் பார்த்த பக்கம் நேர்க்குறி, மறுபக்கம் எதிர்க்குறி. இரண்டும் சம அளவு. அப்படியென்றால் இழுப்பும் தள்ளலும் சரிக்குச் சரியாகிவிடாதா? இங்கேதான் 1785-இல் கூலூம் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர், மெல்லிய இழையின் முறுக்கால் சிறு விசையை அளக்கும் முறுக்குத் தராசில் அளந்து காட்டிய விதி கைகொடுக்கிறது. தொலைவு இரட்டித்தால் விசை கால்பங்காகிவிடும். அருகிலுள்ள பக்கத்தின் இழுப்பு, தள்ளியிருக்கும் பக்கத்தின் தள்ளலைவிடச் சற்றே அதிகம். அந்த மிச்சம்தான் காகிதத்தைத் தூக்குகிறது.

பட்டில் தேய்த்த கண்ணாடித்தண்டு நேர்க்குறி உடையது. அதுவும் இதே காகிதத்தை இழுக்கும்! ஆகவே, ஈர்ப்பை மட்டும் வைத்து ஒரு பொருள் மின்னூட்டம் பெற்றதென்று தீர்ப்பு எழுதாதீர்கள். விலக்கமே உறுதியான சான்று. தேர்விலும் இது வரும்.

(செய்துகாட்ட நினைப்பவர்கள் ஈரக்காற்று வீசும் நாளைத் தவிருங்கள். பரப்பில் படியும் நீர்ப்படலம் வழியே மின்னூட்டம் கசிந்து, ஆசிரியர் மானம் போகும்.)

உலர்ந்த நாளில், சீப்பில் ஒட்டிய துணுக்குகளைக் கண்கொட்டாமல் பாருங்கள். சில திடீரென்று துள்ளித் தெறிக்கும். தொட்ட இடத்தில் சீப்பின் மின்னூட்டத்தில் கொஞ்சம் அவற்றுக்கு ஏறிவிட்டது. இப்போது இரண்டும் ஒரே குறி.