தேங்காய் எண்ணெயும் ஒரு டிஆர்சி நோட்டீஸும்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரி வக்கீல்னு தெரிஞ்சா போதும், கல்யாண வீட்டுப் பந்தியில பக்கத்து இலைக்காரர் கேக்குற முதல் கேள்வி, "சார், என் ரீஃபண்ட் இன்னும் வரல, எப்ப வரும்?" ரெண்டாவது, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "வரி கட்டாம இருக்க ஏதாச்சும் வழி சொல்லுங்களேன்." முதல் கேள்விக்கு ஆடிட்டர்கிட்ட போங்க. ரெண்டாவதுக்கு நான் சாம்பார் கேப்பேன்.

கணக்குல புலியா இருந்தாத்தான் இந்தத் தொழிலுக்கு வரணும்னு ஒரு நெனப்பு இருக்கு. அப்படி இல்லீங்க. கூட்டல் கழித்தல்ல பெரிய சண்டையே வர்றதில்ல. சண்டை எல்லாம், இந்தப் பொருள் என்ன பொருள், கைக்கு வந்த இந்தப் பணம் வருமானமா இல்லையா, நோட்டீஸ் முறையா வந்து சேந்துச்சா, இதுலதான். அதனால கட்சிக்காரரோட வியாபாரம் வக்கீலுக்கு அவரைவிட நல்லா தெரிஞ்சிருக்கணும். இதை இன்னைக்கு நாலு தடவையாவது சொல்லப்போறேன், பொறுத்துக்கோங்க.

நம்ம வீட்டு தேங்காய் எண்ணெயையே எடுத்துக்கோங்க. அது சமையல் எண்ணெயா, தலைக்குத் தேய்க்கிற எண்ணெயா? "ரெண்டும்தான் சார், இதுல என்ன இருக்கு"ம்பீங்க. ஆனா ரொம்ப காலமா சமையல் எண்ணெய்க்கு ஒரு வரி, கூந்தல் எண்ணெய்க்கு வேற வரியா இருந்துச்சு. ஜிஎஸ்டி வந்தப்பறம் சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம், கூந்தல் எண்ணெய்க்கு 18-னு இருந்துச்சு. அதுக்கு முன்னாடி கலால் வரி, அதாவது பொருள் தயாரிக்கிறதுக்குப் போட்ட வரி, அந்தக் காலத்துலயே இந்தச் சண்டை ஆரம்பிச்சாச்சு. சேலம் மத்திய கலால் கமிஷனர் போட்ட அப்பீல் அது, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. டிபார்ட்மெண்ட் சொன்னது என்னன்னா, சின்னச் சின்ன பாட்டில்லயும் பாக்கெட்லயும் அடைச்சு வித்தா அதை யாருங்க தாளிக்க வாங்குறா, தலைக்குத்தானே வாங்குறாங்க, அதனால கூந்தல் எண்ணெய் வரி கட்டு.

கேக்க நியாயமா இருக்குல்ல? 2018-ல ரெண்டு நீதிபதிகள் கேட்டாங்க, ரெண்டு பேரும் ரெண்டு விதமா தீர்ப்பு எழுதினாங்க. நீதிபதி ரஞ்சன் கோகோய் சமையல் எண்ணெய்தான்னார், நம்ம ஊர் நீதிபதி பானுமதி அம்மா கூந்தல் எண்ணெய்னாங்க. அப்பறம் மூணு பேர் பெஞ்ச்சுக்குப் போயி 2024 டிசம்பர்லதான் முடிவாச்சு, சமையல் எண்ணெய்னு. காரணம் என்ன தெரியுமா? பாக்கெட் சின்னதா இருக்குங்கறதுக்காக மட்டும் அது தலை எண்ணெய் ஆயிடாது. சில வீட்ல காசு இருக்குற அளவுக்குத்தான் வாங்குவாங்க, சில வீட்ல புதுசா இருக்கணும்னு கொஞ்சமா வாங்குவாங்க. லேபிள்ல என்ன போட்டிருக்கு, உணவுத் தர விதிப்படி தயாரிச்சதா, கூந்தலுக்குன்னு எங்கயாச்சும் சொல்லி விக்கிறாங்களா, அதைத்தான் பாக்கணும்னுட்டாங்க. பாருங்க, பெரிய பெரிய சீனியர் வக்கீலுங்க வாதாடுன கேஸ், கடைசியில நின்னது ஒரு லேபிள் மேல. அந்த லேபிளை யாரோ ஒரு ஜூனியர்தான் முதல் பதில்லயே ஃபைல்ல கோத்து வெச்சிருப்பான்.

(இன்னொரு கூத்து, 2025 செப்டம்பர் 22-லேர்ந்து கூந்தல் எண்ணெய்க்கும் 5 சதவீதம் ஆக்கிட்டாங்க. இத்தனை வருஷம் அடிச்சுக்கிட்டதுக்கு அப்பறம்!)

இது நம்ம ஊர்ல மட்டும்னு நெனைக்காதீங்க. இங்கிலாந்துல ஜாஃபா கேக்னு ஒண்ணு, மேல சாக்லேட் தடவினது. அது கேக்கா பிஸ்கட்டாங்கறது 1991-ல ட்ரிப்யூனல், அதாவது வரி வழக்கைக் கேக்குற தீர்ப்பாயம், அது வரைக்கும் போச்சு. கேக்னா வரி இல்ல, சாக்லேட் தடவின பிஸ்கட்னா வரி உண்டு. பழசானா கேக் இறுகிப்போகும், பிஸ்கட் நமுத்துப்போகும், இது இறுகுதுங்க, அதனால கேக். கம்பெனிதான் ஜெயிச்சுது. சட்டப் புத்தகத்துல இருக்குற விஷயமா இது? வியாபாரம் தெரிஞ்சிருக்கணும்னு சொன்னேன்ல, இதான்.

சரி, நம்ம கடைத்தெருவுக்கு வருவோம். என்கிட்ட வர்ற முக்கால்வாசி கேஸ் சுப்ரீம் கோர்ட் விஷயம் இல்ல, நோட்டீஸைப் பாக்காம விட்ட கேஸ். ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் வந்தார், கையில பேங்க் குடுத்த கடுதாசி. செக் ரிட்டர்ன் ஆகிருக்கு, ஏன்னு போய்க் கேட்டா கணக்கையே முடக்கியாச்சாம். "சார் எனக்கு ஒரு தாளும் வரலை, போஸ்ட்மேன் சத்தியமா வரலை"ங்கறார். லேப்டாப்பைத் திறந்து ஜிஎஸ்டி போர்ட்டலுக்குள்ள போய்ப் பாத்தா அத்தனையும் இருக்கு. டிஆர்சி-01 நோட்டீஸ், அதாவது இவ்வளவு வரி பாக்கி, ஏன் கட்டலைன்னு காரணம் கேக்குற நோட்டீஸ், நேர்ல வரச்சொல்லி ரிமைண்டர், அப்பறம் ஆர்டர். சாதாரண நோட்டீஸ் பக்கத்துல இல்ல, கூடுதல் நோட்டீஸ்னு தனியா ஒரு பக்கம், அதுக்குள்ள. பதிவு பண்ணின மெயிலும் மொபைலும் யாரோடதுன்னா, 2017-ல ஜிஎஸ்டி எடுத்துக் குடுத்த பார்ட் டைம் அக்கவுண்டண்டோடது. அந்தத் தம்பி துபாய் போயி ரொம்ப நாளாச்சு.

அப்பீலுக்கு ஆர்டர் வந்ததுலேர்ந்து மூணு மாசம், தாமதத்துக்குக் காரணம் சொன்னா இன்னொரு மாசம். அதுக்கு மேல அப்பீல் அதிகாரியே நெனைச்சாலும் எடுத்துக்க முடியாது. அப்ப என்ன வழி, ஹைகோர்ட்ல ரிட், அதாவது அதிகாரி போட்ட ஆர்டரை எதிர்த்து நேரா ஹைகோர்ட்லயே போடற மனு. சென்னை ஹைகோர்ட் இந்த மாதிரி எத்தனையோ கேஸ்ல ஆர்டரை ரத்து பண்ணி திரும்ப அனுப்பிச்சிருக்கு, ஆனா சும்மா இல்ல, வரியில 10 சதவீதமோ சிலதுல 25 சதவீதமோ கட்டுன்னு கண்டிஷனோட. போர்ட்டல்ல போட்டு பதிலே வரலைன்னா தபால் மாதிரி வேற வழியிலயும் அனுப்பிப் பாக்கணும்னு அதிகாரிகளுக்கும் சொல்லியிருக்கு. இருந்தாலும் அதை நம்பி உக்காராதீங்க. கடை வெச்சிருக்கிற நேயர்கள் இன்னைக்கே போர்ட்டல்ல உங்க சொந்த நம்பர் இருக்கான்னு பாருங்க. சொந்த நம்பர், அக்கவுண்டண்ட் நம்பர் இல்ல. வேணும்னா அவரோடதையும் சேத்து வெச்சுக்கோங்க, ஆனா உங்களோடது கட்டாயம் இருக்கணும்.

நோட்டீஸுக்குக் குடுக்குற முதல் பதில்ல போடாத பில்லை அப்பறம் அப்பீல்ல போய் காட்டறது பெரும் பாடு. இன்கம் டாக்ஸ்லயும் இதே கதைதான், பெசன்ட் நகர் ராஜாஜி பவன்ல இருக்குற ட்ரிப்யூனல்தான் நடந்தது என்னங்கறதுக்குக் கடைசி இடம். அதுக்கு மேல ஹைகோர்ட்ல சட்டக் கேள்வி மட்டும்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுறாங்க, மூணு நிமிஷம்னு நெனைச்சேன், ஒண்ணுதானாம். இந்தத் தொழிலுக்கு வர்ற பிள்ளைங்களுக்குன்னு நிறைய எழுதிட்டு வந்தேன், வேகமா சொல்லிடறேன். பி.காம் படிச்சாத்தான்னு இல்ல, எந்த டிகிரி முடிச்சும் சட்டம் படிச்சு வரலாம். சி.ஏ. படிச்சவங்களும் ட்ரிப்யூனல்ல ஆஜராகலாம், ஆனா ஹைகோர்ட்டுக்கு வக்கீல்தான் வேணும், அதனால நமக்கு வேலை இருக்கு. முதல் சில வருஷம் சீனியர் ஆபீஸ்ல காசு கம்மிதான், பேப்பர் புக், அதாவது கேஸுக்கான தாளெல்லாம் சேத்த கட்டு, அதைத் தைக்கிறதும் பக்கத்துக்கு நம்பர் போடறதும்தான் வேலை, அதைச் சலிக்காம செய்யிங்க. புது வருமான வரிச் சட்டம் 2025 வந்திருக்கு, 2026 ஏப்ரல் 1-லேர்ந்து அமல், பிரிவு நம்பர் எல்லாம் மாறிப்போச்சு. பழைய வருஷத்து கேஸுக்கு 1961 சட்டம்தான் ஓடும், அதனால ரெண்டு புத்தகத்தையும் வாங்கி வெச்சுக்கோங்க, பழசை எடைக்குப் போட்டுடாதீங்க. நன்றி, வணக்கம்.