காம்பவுண்ட் வில்லுக்கு எந்த சைட்? தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு

[திரையில்: மேசைமேல் ஒரு காம்பவுண்ட் வில், இரு முனையிலும் சக்கரங்கள். கேமரா சைட்டை நெருங்குகிறது. வட்ட வளையத்துக்குள் ஐந்து பின்கள், பச்சை, சிவப்பு, மஞ்சள்.]

வணக்கம். டர்பன், சாட்ஸ்வொர்த், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் வில் பிடிக்கிற நம் ஆட்கள் கடைக்குப் போனதும் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, எத்தனை பின் உள்ள சைட் வாங்கலாம்?" என்பதுதான். சைட் என்றால் வில்லில் பொருத்தும் குறிபார்க்கும் கருவி. பின் என்றால் அதன் வளையத்துக்குள் இருக்கும் குறிப்புள்ளி, ஒவ்வொரு பின்னும் ஒரு தூரத்துக்கு. ஐந்து பின், ஏழு பின் என்று விலை ஏறிக்கொண்டே போகும். வாங்குவதற்கு முன்னால் நீங்கள் எங்கே உட்கார்ந்து எய்யப் போகிறீர்கள் என்று யோசியுங்கள்.

நம்மில் பெரும்பாலானோர் எய்வது தண்ணீர்க் குட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் மறைகுடிலிலிருந்து. மே முதல் ஆகஸ்ட் வரை மழை குறைந்த குளிர்காலம். புல் காய்ந்து கிடக்கும், இம்பாலா, நியாலா மான்களும் வார்ட்ஹாக் என்ற காட்டுப்பன்றியும் தண்ணீருக்கு வந்தே ஆக வேண்டும். தூரம் 15 மீட்டரிலிருந்து 25 மீட்டருக்குள். குடில் கட்டியவரே அந்தக் கணக்கில்தான் கட்டியிருப்பார்.

[திரையில்: அம்பு போகும் பாதை, பக்கவாட்டுப் படம். 20, 25, 30 மீட்டர் கோடுகள்.]

இப்போது கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 80 மீட்டருக்குச் சற்று மேல் போகிற அம்பு, 20 மீட்டரைக் கால் நொடியில் கடக்கும். 20 மீட்டருக்குச் சரியாக வைத்த ஒரே பின்னைக் கொண்டு 25 மீட்டரில் எய்தால், அம்பு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் கீழே படும். அதைக் கண்ணாலேயே சரிக்கட்டலாம். அதே பின்னோடு 30 மீட்டருக்குப் போனால் 15 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். அது நெஞ்சுக்கும் காலுக்கும் உள்ள வித்தியாசம்.

அதனால் குடிலில் உட்காருகிறவருக்கு ஒரு பின் போதும், மிஞ்சினால் மூன்று. ஐந்து பின் வைத்திருக்கிறவருக்கு என்ன ஆகும்? ஜூன் மாதம் இங்கே மாலை 5 மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். கடைசி வெளிச்சத்தில் ஒரு கிடா தலையைக் குனிந்து குடிக்கிறது. நெஞ்சு படபடக்கிறது. வளையத்துக்குள் ஐந்து புள்ளிகள் மின்னுகின்றன. எதை வைப்பது என்று அந்த நேரத்தில் மூளை தேடக் கூடாது.

புதர்க்காட்டில் நடந்தே தேடி வேட்டையாடுகிறவர்களுக்கு இது பொருந்தாது. தூரம் மாறிக்கொண்டே இருக்கும், ஒரே பின்னை நகர்த்திச் சரிசெய்ய நேரமும் இருக்காது. அவர்களுக்கு 20, 30, 40 மீட்டர் என்று நிலையான மூன்று பின் நல்லது. சக்கரத்தைத் திருப்பி ஒரே பின்னை மேலும் கீழும் நகர்த்தும் ஸ்லைடர் சைட், குறிப்பலகையில் பழகுவதற்கு அருமையானது. ஆனால் வேட்டையில் குடு என்ற பெரிய மான் இரண்டு எட்டு முன்னே வைத்தால் நீங்கள் கையை அசைக்க வேண்டியிருக்கும். குடுவின் காதும் கண்ணும் எவ்வளவு கூர்மை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

[திரையில்: மூன்று தடிமனில் ஃபைபர் ஆப்டிக் (வெளிச்சத்தை ஏந்தி மின்னும் இழை) பின்கள், பக்கம் பக்கமாக.]

பின்னின் தடிமன் .010, .019, .029 அங்குலம் என்று வரும். .019 என்றால் அரை மில்லிமீட்டர். கண்ணுக்கும் பின்னுக்கும் இடையே 80 சென்டிமீட்டர் இருந்தால், 20 மீட்டரில் அது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக மறைக்கும். அது ஒரு குறையே இல்லை. .010 பகலில் துல்லியம், இருட்டத் தொடங்கினால் மங்கிப்போகும். நான் சொல்வது .019, பச்சை நிறம். ஐம்பது வயதைத் தாண்டிய ஐயாமார்களுக்கு .029 தவறில்லை.

நாணில் கட்டும் பீப், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் ஓட்டையுள்ள சின்ன வளையம், இதைவிட முக்கியம். அதன் ஓட்டை சிறிதாக இருந்தால் பகலில் துல்லியம் கூடும், ஆனால் மாலையில் அதன் வழியே ஒன்றுமே தெரியாது. வேட்டைக்கு 3/16 அங்குலத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். குடிலுக்குள் இருட்டு அதிகம் என்றால் 1/4. வில்லை முழுதாக இழுத்தபின் பீப்பின் வட்டமும் சைட் வளையத்தின் வட்டமும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் வளையம் வேறு அளவில் வாங்குங்கள். அந்த இரண்டு வட்டமும் ஒன்றாகும்போதுதான் உங்கள் கண் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது.

வளையத்தின் அடியில் சின்ன ரசமட்டம் ஒன்று இருக்கும். அது இல்லாத சைட்டை வாங்காதீர்கள். டிராக்கன்ஸ்பர்க் சரிவுகளில் நிற்கும்போது உடம்பு தானாகச் சாயும், வில்லும் கூடவே சாயும், நமக்குத் தெரியாது. சரிவில் இன்னொன்று: 30 டிகிரி இறக்கத்தில் 30 மீட்டர் என்றால், 26 மீட்டராக எண்ணி எய்ய வேண்டும்.

[திரையில்: பலகையில் மூன்று அம்புகள், மையத்துக்கு இடப்புறம். ஆலன் கீ சைட்டைத் திருப்புகிறது.]

சைட் வைக்கும் முறை சுலபம். 10 மீட்டரில் தொடங்குங்கள். மூன்று அம்பு எய்து, அவை ஒன்றாகக் கூடின இடத்தைப் பாருங்கள். அம்பு இடப்பக்கம் போனால் சைட்டையும் இடப்பக்கம் நகர்த்துங்கள். கீழே போனால் கீழே. அம்பு போன பக்கமே பின்னும் போக வேண்டும். ஒரே அம்பைப் பார்த்துத் திருகைத் தொடாதீர்கள். அப்புறம் 20 மீட்டர்.

சரி, இனி பராமரிப்பு. இதில்தான் எனக்கு அக்கறை அதிகம். காரணம் ஒரே எண்: பின் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் 20 மீட்டரில் அம்பு 2.5 சென்டிமீட்டர் விலகும். நாணில் பீப் 3 மில்லிமீட்டர் ஏறினால் 7 சென்டிமீட்டருக்கு மேல். நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் படும். காயத்தோடு ஓடுகிற இம்பாலா இரவெல்லாம் புதரில் கிடந்து சாகும். வேட்டைப் பண்ணைகளில் காயப்பட்ட விலங்குக்கும் முழுக் காசு வாங்குவார்கள், ஆனால் காசு இரண்டாவது. அந்த விலங்குக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

[திரையில்: சைட்டின் திருகுகள். நகப்பூச்சுக் கோடு ஒன்று திருகிலிருந்து உலோகத்துக்கு நீள்கிறது.]

ஒவ்வொரு எய்தலும் வில்லை அதிரவைக்கிறது, அதிர்வு திருகைத் தளர்த்துகிறது. சைட்டை வில்லோடு பிணைக்கும் திருகுகளில் நடுத்தர வலிமையுள்ள நீல திரெட்லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி போதும். பிளாஸ்டிக்கில் படாமல் பாருங்கள், சில பிளாஸ்டிக் அதனால் விரிசல் விடும். திருகை இறுக்கியதும் அதன் தலையிலிருந்து உடல்வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் திருகு அசைந்திருக்கிறது என்று பார்த்தவுடனே தெரியும். பீப்புக்கு மேலும் கீழும் நாணிலும் அதே மாதிரி ஒரு குறி.

டர்பன் கடற்கரைக் காற்றில் உப்பு. அலுமினிய உடல் தாங்கும், எஃகுத் திருகு துருப்பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, திருகுத் தலைகளில் மட்டும் எண்ணெய் தொட்டு வையுங்கள். நாணில் எண்ணெய் படக் கூடாது, நாணுக்கு அதற்கான மெழுகுதான்.

வடக்கே சுலுலாந்து பக்கம் போகிறவர்கள் கொசு மருந்து பூசுவீர்கள். பூசத்தான் வேண்டும், மலேரியா இருக்கிறது. ஆனால் டீட் (DEET) என்ற கொசுவிரட்டி ரசாயனம் கலந்த மருந்து சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும். பூசிய கையைக் கழுவாமல் ஃபைபரையோ லென்ஸையோ தொடாதீர்கள்.

பக்கியின், அதாவது பிக்கப் வண்டியின், பின்பக்கம் வெயிலில் வில்லைப் போட்டுவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள். சூட்டில் நாண் நீளும், நீண்டால் பீப் திரும்பும். இழுத்தால் ஓட்டை கண்ணுக்கு நேராக வராது. அதைக் கையால் முறுக்கிச் சரிசெய்ய முடியாது. நாணை அரைச்சுற்று முறுக்க வில்லை அழுத்திப் பிடித்து நாணைத் தளர்த்தும் பிரஸ்ஸில் போட வேண்டும், அதைக் கடையில் செய்துகொள்ளுங்கள்.

நம் வீடுகளில் புரட்டாசியில் கறி கிடையாது. வேட்டைப் பருவமும் அதற்குள் முடிந்திருக்கும். நாணை ஆராய அதுவே நல்ல மாதம். இழைகள் பிசிறியிருந்தால் புது நாண் போடுங்கள். புது நாண் போட்டால் பீப்பும் பின்னும் முதலிலிருந்து வைக்க வேண்டும், அவசரத்தில் அது முடியாது.

அனுமதி விஷயம்: குவாசுலு-நட்டாலில் மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வெலோ கே.இசட்.என். வைல்ட்லைஃப்பிடம் கேளுங்கள். மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். பின்னுக்கு பேட்டரி விளக்கு பொருத்துவதாக இருந்தால் அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

[திரையில்: பழகும் முனையும் வேட்டை முனையும் அருகருகே.]

பண்ணைக்குப் போய்ச் சேர்ந்ததும், குடிலுக்குள் நுழையும் முன், வேட்டை முனை பொருத்திய அம்பை 20 மீட்டரில் எய்து பாருங்கள். அந்த அகன்ற முனை காற்றைப் பிடிக்கும். பழகும் முனை படுகிற இடத்திலேயே அது படும் என்று சொல்ல முடியாது. வழியில் பெட்டி குலுங்கியிருக்கலாம், திருகு நகர்ந்திருக்கலாம். எய்து பார்த்த முனையை நன்றாகத் தீட்டாமல் மறுபடி வேட்டைக்கு எடுக்காதீர்கள். மூன்று அம்பும் ஒன்றாகக் கூடவில்லை என்றால் பண்ணைக்காரரிடம் சொல்லிவிட்டு அன்று மாலையைப் பலகையோடு கழியுங்கள். குட்டை நாளைக்கும் அங்கேயே இருக்கும்.