சல்லடையில் தங்கும் உயிர்கள்

நேயர்களுக்கு வணக்கம். கரையிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் ஆழம்வரை மெல்லச் சரிந்து செல்லும் கண்டத்திட்டின் தரையில் எந்தெந்த உயிர்கள் சேர்ந்து வாழ்கின்றன, ஏன் அவை அங்கே சேர்ந்தன என்பது என்னை நெடுங்காலமாக விடாமல் பற்றியிருக்கும் கேள்வி. ஈர மணலையும் சேற்றையும் விரலிடையே தேய்த்துப் பார்த்திருப்பீர்கள். மணல் நறநறக்கும், சேறு வழுக்கும். பாதி விடை அந்த வேறுபாட்டிலேயே இருக்கிறது.

டென்மார்க் அறிஞர் யோஹான்னஸ் பீட்டர்சன், மீன்களுக்கு இரையாகும் உயிர்கள் கடலடியில் எவ்வளவு உள்ளன என்று அளக்க விரும்பினார். இழுவலையில் வருபவை எவ்வளவு பரப்பிலிருந்து வந்தன என்று சொல்ல முடியாது. ஆகவே, தாடைகளைப் போல மூடிக்கொள்ளும் இரும்புக் கருவியைக் கயிற்றில் இறக்கி, அளவு தெரிந்த ஒரு துண்டுத் தரையை அப்படியே கவ்வி எடுத்து, சல்லடையில் அலசி, தங்கியவற்றை எண்ணி எடைபோட்டார். பரந்த பரப்பில் எங்கே இறக்கினாலும் அதே சில சிப்பிகளும் புழுக்களும் நட்சத்திரமீன் போன்ற முள்தோலிகளுமே மிகுந்து வருவதைக் கண்டு, மேலோங்கிய உயிரின் பெயராலேயே ஒவ்வொரு சமூகத்தையும் 1913இல் வகைப்படுத்தினார்.

அந்தச் சல்லடையை நானும் பிடித்திருக்கிறேன். சேறு கரைந்தோடிய பின் வைக்கோல் பருமனில் ஒரு குழாய் தங்கும்; மணல்துகள்களைச் சளியால் ஒட்டிக் கட்டிய வீடு அது. அதன் வாயில் ஒரு புழு தலைநீட்டி, வெளிச்சம் பட்டதும் உள்ளே ஒடுங்கும். எத்தனை முறை கண்டாலும் எனக்கு அலுத்ததில்லை.

மீண்டும் மணலுக்கும் சேற்றுக்கும் வருவோம். நீரோட்டம் வலுவாக உள்ள இடத்தில் நுண்துகள் தங்காது, மணலே எஞ்சும். அங்கே மிதந்துவரும் உணவை வடிகட்டி உண்ணும் சிப்பிகள் செழிக்கும். ஓட்டம் தளர்ந்த இடத்தில் சேறும் மட்கிய உயிர்ப்பொருளும் படியும். அங்கே படிவை விழுங்கும் புழுக்கள் பெருகும். அப்புழுக்கள் ஓயாமல் சேற்றைக் கிளறுவதால் எழும் கலங்கல் சிப்பிகளின் செவுள்களை அடைத்துவிடும். ஆக, தரை உயிர்களைத் தேர்ந்தெடுப்பதோடு, குடியேறிய உயிர்களும் தரையை மாற்றி, அடுத்து வருபவற்றைத் தடுக்கின்றன.

நேரம் நெருங்குவதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அடிமட்ட இழுவலை உரசிச் சென்ற தரையில், மெதுவாக வளரும் பெரிய சிப்பிகளும் கடற்பஞ்சுகளும் முதலில் குறைய, விரைவில் பெருகும் சிறு புழுக்கள் அந்த இடத்தை நிரப்பிக்கொள்கின்றன. நன்றி, வணக்கம்.