குணமாக்கும் கையும் 10 கிலோ காலும்

(கிளிநொச்சியில் இளம் வாசகர்கள் நடுவே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தம்பி தங்கச்சிமாருக்குத்தான் இன்று அதிகம் பேசப் போகிறேன்.

தொட்டால் காயம் ஆறும் கையோடு ஒரு பெடியன் பிறக்கிறான். அவனை வைத்து ஒரு விஞ்ஞான நாவலை வன்னியிலிருந்து நீங்கள் எழுத வேண்டும்.

இது நம்ப முடியாத கதை என்று எங்கள் ஆட்கள் எழுந்து போக மாட்டார்கள். வட்டாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கலில் கடல் தண்ணீரில் விளக்கெரியக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பாம்பு கடித்தால் விசகடிப் பரியாரியைத் தேடி ஓடியவர்கள். கோயிலில் யாரும் "எப்படி?" என்று கேட்பதில்லை, கேட்கத் தேவையுமில்லை. விஞ்ஞான நாவலோ அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. ஓர் அதிசயத்தை எழுதுகிறவருக்கு விட்டுக்கொடுக்கலாம். அதற்குப் பிறகு எல்லாம் கணக்குக்குள் வர வேண்டும்.

ஒரு காலை எடுத்துக்கொள்ளுவோம். மிதிவெடியில் கால் போனவர் ஒருவரையாவது தெரியாதவர் இந்த மண்டபத்தில் இருப்பாரா? எங்கள் பெடியன் அப்படி ஒருவருக்குக் காலைத் திரும்ப முளைக்க வைக்கிறான். தொடையிலிருந்து பாதம் வரை ஒரு கால், உடம்பின் நிறையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 60 கிலோ ஆளுக்கு 10 கிலோ. அந்த 10 கிலோ எங்கேயிருந்து வரும்? சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். கடுமையான தீக்காயம் பட்டவரின் உடம்பே வழமையைப் போல இரண்டு மடங்கு வரை சக்தியை எரிக்கும். அப்படியென்றால் கால் முளைக்கிறவருக்கு மாதக்கணக்கில் அடங்காத பசி. வீட்டில் நெல் வேண்டும், மீன் வேண்டும். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் வற்றி வயல் விதைக்காத வருடத்தில் அவன் யாருக்குக் கால் கொடுப்பான்? பாருங்கள், ஒரு கணக்குப் போட்டதும் ஓர் அத்தியாயம் கிடைத்துவிட்டது.

மெக்சிக்கோ ஏரியொன்றில் வாழும் ஆக்ஸலோட்டல் என்ற பிராணி இதை நிஜமாகவே செய்கிறது. கால் அறுபட்டால், அந்த இடத்தில் உயிரணுக்கள் மொட்டுப்போலத் திரண்டு, எலும்பும் தசையுமாகப் புதுக்கால் வளரும். ஆனால் அங்கே வரும் நரம்பை அறுத்துவிட்டால் வளராது. மனிதரிலும் இந்தக் குணம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஈரலின் பெரும்பகுதியை வெட்டியெடுத்தாலும் மிச்சம் பெருத்து ஈடுசெய்யும். சின்னப் பிள்ளைகளுக்கு நகத்தின் அடி தப்பியிருந்தால் விரல் நுனி திரும்ப வரும். மற்ற இடங்களில் தழும்புதான். பெடியனின் கை தழும்பைத் தடுத்து, நரம்பை எழுப்பி, அந்தப் பழைய வழியைத் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால் அதற்குப் பெயர் புற்றுநோய். அந்தப் பயமும் கதையில் இருக்கட்டும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது செல் பீஸ், அதாவது வெடித்த செல் குண்டின் இரும்புத் துண்டு. யுத்தம் முடிந்து இவ்வளவு காலமாகியும், உடம்புக்குள் பீஸோடு கூலி வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். பெடியன் தொட்டால் தசை சேரும், தோல் மூடும். இரும்பு உள்ளேயே கிடக்கும். அவசரப்பட்டு மூடிவிட்டால் முன்பைவிட ஆபத்து. முதலில் எக்ஸ்ரே வேண்டும், கத்தி பிடிக்கத் தெரிந்த டொக்டர் வேண்டும், பக்கத்தில் தாதி வேண்டும். அவனைத் தனியாக வானத்திலிருந்து இறக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் வைத்து எழுதுங்கள்.

சரி, வன்னி வாசகர் ஒரு கேள்வி கேட்பார்: யுத்தம் முடிந்த 2009 இல் இவன் எங்கே இருந்தான்? இதற்குப் பதில் இல்லாத நாவல் இங்கே நிற்காது. புதுமாத்தளனில் பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியானது. பெப்ரவரியிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் காயக்காரரைத் திருகோணமலைக்கு ஏற்றியது. கப்பலில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. அவனை யுத்தத்துக்குப் பிறகு பிறந்தவனாக வையுங்கள். தான் பிந்தி வந்தவன் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். அவன் வீட்டுப் படலையிலும் வரிசை நிற்கும். யாரை முதலில் தொடுவது என்று அவனும் தீர்மானிக்க வேண்டும்.

2017 பெப்ரவரி 20 இல் இதே கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு அம்மாமார் குந்தினார்கள். அவன் கைக்குத் தொட ஓர் உடம்பு வேண்டும். அவர்கள் முன்னால் அவனுக்குச் செய்ய எதுவும் இல்லை. தயவுசெய்து அந்த இடத்தில் புதுச் சக்தி எதையும் கண்டுபிடித்துக் கொடுக்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு ஆட்கள். கதை அவர்களைத் தப்பவிடக் கூடாது.

எழுத உட்காருமுன் பொய்க்கால் செய்கிற இடத்துக்கு ஒருமுறை போங்கள். பொய்க்காலோடு வயல் வரம்பில் நடக்கிறவர்களிடம், புதுக்கால் முளைத்தால் முதல் கிழமை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அப்புறம் எழுதிய பக்கங்களை என்னிடம் கொண்டு வாருங்கள். நிறையும் நரம்பும் சரிதானா என்று இருந்து பார்ப்போம்.