தீர்மானம் இல்லாத தாளம்

அனைவருக்கும் வணக்கம். பேசுவதற்கு முன்னால் இந்த மேசையைக் கொஞ்சம் தட்டிக்கொள்கிறேன். மைக் பக்கத்திலேயே இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றிலிருந்து எட்டு வரை ஒரே சீராக எண்ணுங்கள். எட்டிலும் ஹை-ஹாட் தகடு தட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. மூன்றிலும் ஏழிலும் ஸ்நேர் டிரம்மில் அடி விழுகிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் கால் பாஸ் டிரம்மை உதைக்கிறது. பாடம் இவ்வளவுதான். டிரம்ஸ் கற்க வந்த பையனுக்கு முதல் மாதத்திலேயே கைவந்துவிடும். ஆனால் இதையே பத்து நிமிடம், வேகம் ஏறாமல் இறங்காமல், கேட்கிறவர் எழுந்து போய்விடாமல் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். நான் முயன்றிருக்கிறேன். நான்காவது நிமிடத்தில் கணுக்கால் வலித்தது. அதற்கு முன்பே, இரண்டாவது நிமிடத்தில், ‘ஏதாவது செய்யேன்’ என்று கை கெஞ்சத் தொடங்கிவிட்டது.

அந்தக் கெஞ்சலுக்குச் செவிகொடுக்காத ஒருவரைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். பெயர் கிளவுஸ் டிங்கர். ஊர் ஜெர்மனியின் டூசல்டார்ஃப். 1971இல் அவரும் கிதார் வாசித்த மிஷாயேல் ரோட்டரும் கொஞ்ச நாள் அதே ஊரின் கிராஃப்ட்வெர்க் என்ற இசைக் குழுவில் இருந்தார்கள். பிறகு விலகித் தனியாக ஒரு குழு தொடங்கினார்கள். அதன் பெயரைச் சொன்னால் சிரிக்கக் கூடாது: ‘நோய்!’. ஜெர்மன் மொழியில் அதற்குப் ‘புதிது’ என்று பொருள். அந்த ஆண்டு டிசம்பரில் ஹாம்பர்க்கில் ஒரு ஸ்டூடியோவை எடுத்து, கோனி பிளாங்க் என்ற ஒலிப்பதிவாளரோடு நான்கே இரவுகளில் முதல் இசைத்தட்டை முடித்தார்கள். 1972இல் வெளிவந்தது. அதன் முதல் பாட்டு ‘ஹாலோகாலோ’. பத்து நிமிடம். அடிப்படையில் ஒரே சுருதி, ஒரே தாளம். மேலே கிதார் மேகம் மாதிரி நகரும். சில இடங்களில் ஒலிநாடாவைத் திருப்பிப் போட்டு எடுத்த கிதார். பாடகர் கிடையாது.

இந்தத் தாளத்துக்கு விமர்சகர்கள் ‘மோட்டோரிக்’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் நிலைத்துவிட்டது, கூடவே ஒரு தவறான எண்ணமும் நிலைத்துவிட்டது. கேட்டவுடன் மோட்டார், இயந்திரம், நெடுஞ்சாலையில் போகும் கார் என்றுதான் மனம் ஓடும். ‘ஜெர்மானியர்கள் அல்லவா, இயந்திரம் மாதிரித்தான் வாசிப்பார்கள்’ என்ற ஏளனமும் அதற்குள் இருக்கிறது. அந்தக் கால ஜெர்மன் ராக் இசைக்கு வைத்த ‘கிரவுட்ராக்’ என்ற பெயரும் அப்படித்தான். முட்டைகோஸ் தின்பவர்கள் என்று ஜெர்மானியரைப் போர்க்காலத்தில் பழித்த சொல், பிரிட்டிஷ் பத்திரிகைகள் வழியாக இசையின் பெயர் ஆயிற்று. ஃபவுஸ்ட் என்ற ஜெர்மன் குழு 1973இல் தங்கள் நீளமான பாட்டு ஒன்றுக்கு அதையே பெயராக வைத்து வாயடைத்தார்கள்.

டிங்கருக்கு ‘மோட்டோரிக்’ பிடிக்கவில்லை. தன் தாளத்தை அவர் ‘நீண்ட நேர்கோடு’ என்றார். வேடிக்கை என்னவென்றால், ஜெர்மன் மொழியில் மோட்டோரிக் என்ற சொல் உடம்பைத்தான் குறிக்கும். குழந்தை கையையும் காலையும் அசைக்கப் பழகுகிறதே, அந்தத் திறனுக்கு மருத்துவர்கள் சொல்லும் சொல் அது. சொல் சரிதான், கேட்ட காதுதான் தவறு.

இயந்திரம் கை வைத்தால் இந்தத் தாளம் என்னவாகும் என்பதற்கு அவர்களே சான்று விட்டுப்போனார்கள். 1973இல் இரண்டாம் தட்டுக்குப் பாதியிலேயே பணம் தீர்ந்துவிட்டது. மறுபக்கத்தை நிரப்ப, முன்பே வெளிவந்த சின்னத் தட்டின் இரண்டு பாட்டுகளை எடுத்து, நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்திலும் 16 சுற்று வேகத்திலும் ஓடவிட்டுப் பதிந்தார்கள். ஒன்று கோழி கொக்கரிக்கிற மாதிரி இருக்கும், இன்னொன்று தூக்கத்தில் நடக்கிற மாதிரி. குறும்பு என்று ரசிக்கலாம். ஆனால் அந்த உந்துதல் எங்கேயோ போய்விடும். ஆள் வாசித்த வேகத்தில்தான் அது உயிரோடு இருக்கிறது.

கொலோன் நகரத்துக் கேன் குழுவுக்கு வருகிறேன். என் மனம் அங்கேதான் அதிகம் நிற்கிறது. அதன் டிரம்மர் பெயர் ஜாக்கி லீபெட்சைட். லீபெ என்றால் அன்பு, சைட் என்றால் காலம். தாளக்காரனுக்கு அப்படி ஒரு குலப்பெயர் அமைய வேண்டுமே! அவர் ஃப்ரீ ஜாஸ் என்ற கட்டற்ற ஜாஸ் இசையிலிருந்து வந்தவர். நிலையான தாளமே கூடாது என்பது அங்கே கிட்டத்தட்ட சட்டம். ஒருநாள் கச்சேரியில் யாரோ ஒருவர் அவரிடம் வந்து, ‘நீ ஒரே மாதிரி வாசிக்க வேண்டும்’ என்று சொன்னாராம். லீபெட்சைட் பின்னாளில் பேட்டிகளில் சொன்ன கதை இது. நம்மில் எத்தனை பேர் அதை வசவாக எடுத்துக்கொண்டிருப்போம்? அவர் உபதேசமாக எடுத்துக்கொண்டார். 1971இல் வந்த ‘டாகோ மாகோ’ தட்டில் ‘ஹலேலுவா’ என்ற பாட்டைக் கேளுங்கள். 18 நிமிடத்துக்கு மேல் ஓடும். அந்தக் குழுவில் பேஸ் கிதார் வாசித்த ஹோல்கர் சுகை, ஸ்டாக்ஹவுஸன் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரிடம் படித்தவர். மணிக்கணக்கில் வாசித்ததை நாடாவில் பிடித்து, வெட்டி ஒட்டிப் பாட்டாக்குவது அவர் வேலை. அந்த வெட்டு தெரியாமல் போகிறது என்றால், லீபெட்சைட் எங்கே வெட்டினாலும் பொருந்தும் அளவுக்குச் சீராக வாசித்திருக்கிறார் என்றுதானே பொருள்?

ஆனால் இருவரும் ஒன்றல்ல. டிங்கர் நேராகப் போகிறவர். லீபெட்சைட் சுற்றி வருகிறவர். ஒரே வட்டத்துக்குள் சின்னச் சின்ன அசைவுகள், அமுக்கிய அடிகள். ஆங்கில இசைக்கலைஞர் பிரையன் ஈனோ எழுபதுகளின் பெரிய தாளங்கள் மூன்று என்றார்: நைஜீரியாவின் ஃபெலா குட்டியுடையது, அமெரிக்காவின் ஜேம்ஸ் பிரவுனுடையது, டிங்கருடையது. உறவுமுறையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஜேம்ஸ் பிரவுன் குழுவில் எல்லாரும் முதல் அடியில் வந்து ஊன்றுவார்கள். ஃபெலாவின் டிரம்மர் டோனி ஆலனிடம் இரு கைகளும் இரு கால்களும் நான்கு பேர் பேசிக்கொள்வது போல இருக்கும். என் காதுக்கு லீபெட்சைட் ஆலனுக்குத் தம்பி முறை. டிங்கரிடம் ஊன்றும் இடமே கிடையாது.

மிருதங்கம் கேட்டுப் பழகிய நமக்கு அதுதான் முதலில் இடிக்கும். தனி ஆவர்த்தனத்தில் கணக்கு வளர வளர நம் விரல் தொடையில் எண்ணிக்கொண்டிருக்கும், முடித்துவைக்கும் கோவையான தீர்மானம் மூன்று முறை வந்து, தாளம் தொடங்கும் சமத்தில் விழுந்தால்தான் மூச்சு விடுவோம். டிங்கர் அந்த மூச்சைத் தர மாட்டார். முதல் மூன்று நிமிடம் எரிச்சலாக வரும். அதன் பிறகு காத்திருப்பதை விட்டுவிடுவோம்.

ரோட்டரிடமிருந்து இங்கே ஓர் இழை வருகிறது. சிறுவயதில் அவர் குடும்பம் சில காலம் கராச்சியில் இருந்தது. அங்கே காதில் விழுந்த, தொடக்கமும் முடிவும் தெரியாத இசை தன்னை விட்டுப் போகவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். டிங்கரின் நேர்கோட்டின் மேல் அவர் கிதார் ஏன் அவ்வளவு இலகுவாக அமர்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

கிராஃப்ட்வெர்க் வேறு வழியில் போனார்கள். 1974இல் ‘ஆட்டோபான்’, 22 நிமிடத்துக்கு மேல். பிறகு மெல்ல மெல்லத் தாளத்தை மின்கருவிகளிடமே ஒப்படைத்தார்கள். அவர்கள் இசையை எடுத்துத்தான் 1982இல் நியூயார்க்கின் ஹிப்-ஹாப் கலைஞர் ஆஃப்ரிகா பம்பாட்டா ‘பிளானட் ராக்’ என்ற பாட்டைச் செய்தார். அது தனிக் கதை, தனி மாலை வேண்டும். டிங்கரின் வழியில் வந்தவர்களில் ஸ்டீரியோலாப் குழுவை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

டிங்கர் 2008இல் காலமானார், லீபெட்சைட் 2017இல். லீபெட்சைட் கடைசிக் காலத்தில் கால் மிதியையும் விட்டுவிட்டார். கைகள் மட்டும் போதும் என்றாராம்.

இனி நான் பேசப்போவதில்லை. தட்டைப் போடச் சொல்லியிருக்கிறேன், முதல் பாட்டுதான். வாசலருகே நிற்பவர்கள் உள்ளே வந்து உட்காருங்கள், பத்து நிமிடம் ஆகும். எட்டு எண்ண வேண்டாம்.