மாடிப்படிக்குக் கீழே ஒரு வீடு

(உள்ளாட்சி தினத்தன்று சேலம் அம்மாப்பேட்டையில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், வேலையை முடித்துவிட்டு அப்படியே வந்திருக்கும் என் பழைய தோழர்களுக்கும் வணக்கம்.

கொரோனா காலத்தில் உள்ளாட்சி என்ன செய்தது என்று பேசச் சொன்னார்கள். 'இப்போ எதுக்கு அந்தப் பேச்சு' என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்த இரண்டு வருஷத்தை எல்லோரும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டோம். என் கவலையே அதுதான். பரணில் போட்டதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒருநாள் அவசரத்துக்குத் தேடும்போது உள்ளே இருந்ததெல்லாம் செல்லரித்துப் போயிருக்கும். அதற்குள் ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிடலாம் என்றுதான் வந்தேன்.

ஒரு வீட்டிலிருந்து தொடங்குகிறேன். 2020 ஜூலை. காலை ஏழு மணி இருக்கும். அன்றைய பாசிட்டிவ் லிஸ்ட் கைப்பேசிக்கு வந்தது. என் கோட்டத்தில், அதாவது நான் பார்த்த வார்டில், நான்கு பேர். மூன்று பேரைக் கண்டுபிடித்துவிட்டோம். நான்காவது ஒரு பெண், வயது 58. லிஸ்டில் இருந்த கதவு எண்ணில் அப்படி ஒருவரே இல்லை. போன் அணைந்து கிடந்தது. நம் ஊர்க் கதவு எண்களின் கதை உங்களுக்குத் தெரியும். பழைய நம்பர் ஒன்று, புது நம்பர் ஒன்று, இரண்டும் அழிந்துபோன சுவரில் கேபிள்காரர் எழுதிய நம்பர் ஒன்று. நானும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் இருவரும் ஒன்பது மணி வரை சுற்றினோம். அப்போது குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர், 'யாரைத் தேடறீங்க சார்' என்று கேட்டார். பெயரைச் சொன்னேன்.

'அவங்களா? நம்பரெல்லாம் வேலைக்கே ஆவாது சார். மாவு மில் சந்துல மூணாவது வீடு. மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூம் இருக்குது பாருங்க, அங்கதான் இருக்கறாங்க. நாலு நாளா குப்பையே கொடுக்கல. என்னாச்சோன்னு நானே நெனச்சிட்டிருந்தேன்.'

போய்ப் பார்த்தோம். மாடிப்படியின் அடிப்பக்கம்தான் அந்த அறைக்குக் கூரை. நிமிர்ந்து நிற்க முடியாது. ஒரு பாய், ஒரு ஸ்டவ், மூலையில் நூல் சுற்றும் ராட்டை. அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் ஆக்சிஜன் அளவு 86 என்றுதான் காட்டியது. 108 வண்டி சந்துக்குள் வராது. பக்கத்து வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, மெயின் ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் வழியில் பார்த்தால் 'சாப்டீங்களா சார்' என்று கேட்காமல் போக மாட்டார்.

நோய்க் கண்காணிப்பு என்ற வார்த்தையைப் பயிற்சி வகுப்புகளில் எத்தனையோ மணி நேரம் கேட்டிருக்கிறேன். அதற்கு அர்த்தம் எனக்குப் பிடிபட்டது, 'நாலு நாளா குப்பையே கொடுக்கல' என்று அந்த அக்கா சொன்னபோதுதான்.

இப்போது கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சேலம் மாநகரில் 8 லட்சத்து 29 ஆயிரம் பேர். கோட்டங்கள் 60. அதாவது ஒரு கோட்டத்துக்குச் சராசரியாக 13,800 பேர். அத்தனை பேரில் யாருக்குச் சர்க்கரை, யார் தனியாக இருக்கிறார்கள், யார் வீட்டில் பிரசவத்துக்குப் பெண் வந்திருக்கிறாள் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? சாதாரண நாளில் கவுன்சிலருக்குத் தெரியும். அவரைப் பிடிக்கிறதோ இல்லையோ, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அவர் வீட்டு வாசலில்தானே போய் நிற்போம்? அப்படி நின்று நின்றே அவருக்கு நம்மையெல்லாம் தெரிந்துபோகும்.

கொரோனா வந்தபோது சேலத்தில் கவுன்சிலர் என்று ஒருவர்கூட இல்லை. மாநகராட்சி, நகராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. வழக்கு, வார்டு மறுவரையறை என்று தேர்தல் தள்ளிக்கொண்டே போய், 2022 பிப்ரவரி 19-இல்தான் வாக்குப்பதிவு நடந்தது. சேலம் மட்டுமல்ல, தமிழ்நாட்டு நகரங்கள் எல்லாவற்றுக்கும் இதே நிலைமை. முதல் அலை, இரண்டாம் அலை இரண்டையும் மேயர் இல்லாமல், மன்றம் இல்லாமல், தனி அலுவலர்களை வைத்தே கடந்தோம். அதிகாரிகள் ராப்பகலாக உழைத்தார்கள். கூட இருந்து பார்த்தவன் நான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மாற்றலாகி வந்து ஆறு மாசமே ஆன அதிகாரிக்கு மாவு மில் சந்து எப்படித் தெரியும்?

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். சேலம் நகராட்சி 1866-இல் வந்தது. 1918-இல் உலகத்தையே ஆட்டிய இன்ஃபுளுயன்சா காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்த வருஷம் சேலம் நகராட்சியின் சேர்மன் யார் தெரியுமா? ராஜாஜி. 1917-இலிருந்து 1919 வரை அவர்தான். அன்றைக்கு வரி கட்டுகிற சிலருக்கு மட்டும்தான் ஓட்டு, உண்மைதான். ஆனாலும் வெள்ளைக்காரன் ஆட்சியில், அவ்வளவு பெரிய காய்ச்சலின்போது இந்த ஊருக்கு ஒரு சேர்மன் இருந்தார். சுதந்திர நாட்டில், எல்லோருக்கும் ஓட்டு இருக்கிற காலத்தில், 2020-இல் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

பொதுச் சுகாதாரம் உள்ளாட்சியின் வேலை என்று அரசியல் சட்டத்தின் 12-ஆவது அட்டவணையே சொல்கிறது. அதற்கு முன்பே, 1939-இல் நம் மாகாணம் தனக்கென்று ஒரு பொதுச் சுகாதாரச் சட்டம் போட்டுக்கொண்டது. சட்டத்துக்கு என்றைக்கும் குறைவில்லை.

தெரு தெரியாமல் உத்தரவு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நாளைச் சொல்கிறேன். 2020 ஏப்ரல் 26 முதல் 28 வரை சேலத்தில் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். சென்னை, கோவை, மதுரை, திருப்பூரிலும் முழு ஊரடங்குதான். மளிகைக் கடைகூடத் திறக்கக் கூடாது. அப்புறம் 25-ஆம் தேதி கடைவீதி எப்படி இருந்திருக்கும்? தீபாவளிக்கு முந்தின நாள் மாதிரி இருந்தது. மூன்று நாள் விலகி நிற்பதற்காக, ஒரே நாளில் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படும்படி நின்றோம். மக்களைத் திட்டிப் பயனில்லை. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்குகிற வீட்டில் மூன்று நாளைக்கு என்ன இருப்பு இருக்கும்? பஸ் ஓடாத பேருந்து நிலையத்தைக் காய்கறிச் சந்தையாக மாற்றிக் கட்டம் போட்டு நிறுத்தினார்களே, அது மக்களின் தேவையைப் புரிந்துகொண்டு செய்த வேலை. நன்றாக நடந்தது.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சந்தில் ஒரே நாளில் ஐந்து பேருக்கு வந்துவிட்டது. தகரம் அடிக்கச் சொன்னேன். சாயங்காலம் இரண்டு முனையையும் அடைத்தாயிற்று. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் போன். உள்ளே ஒரு பெரியவருக்கு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அன்றைக்கு முறை. சந்து முனை வரை ஆட்டோ வந்து நிற்கிறது, நடுவில் தகரம். அவர் மகன் தகரத்தைப் பிடித்து நெம்பியதில் உள்ளங்கை கிழிந்திருந்தது. நான் போய்ச் சேரும்போது தகரத்தின் ஓரமெல்லாம் ரத்தம். அவர் என்னைத் திட்டவில்லை. 'ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்' என்று மட்டும் சொன்னார். ஆணியைப் பிடுங்கி, தகரத்தின் ஒரு பக்கத்தைக் கயிற்றில் கட்டித் திறந்து மூடுகிற மாதிரி செய்தோம். பெரியவர் இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் தகரம் அடிக்கும் முன்னால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு சந்தில் வீடு வீடாகப் போனேன். யாருக்கு மருந்து, யாருக்குப் பால், யாருக்கு மாசம் நிறைந்திருக்கிறது என்று கேட்டு எழுதிய பிறகுதான் ஆணி அடிக்க விட்டேன். அரை மணி நேர வேலை. அதை முதல் நாளே செய்யாமல் விட்டது என் தப்பு.

கொரோனா வந்த வீட்டு வாசலில், தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஸ்டிக்கர் ஒட்டினோம். அதைப் பற்றியும் நிறைய யோசித்திருக்கிறேன். என் பாட்டி காலத்தில் அம்மை போட்ட வீட்டு நிலையில் வேப்பிலை செருகுவார்கள். மூன்று தண்ணீர் ஊற்றும் வரை வெளியாள் உள்ளே போக மாட்டார்கள். அதுவும் தனிமைப்படுத்தல்தான். ஆனால் கோட்டை மாரியம்மனைக் கும்பிடுகிற ஊரில், 'அந்த வீட்டுக்கு அம்மா வந்திருக்கா' என்று பயத்தோடும் மரியாதையோடும் பேசினார்கள். இளநீரையும் மோரையும் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்தவர்களோ ஏதோ குற்றவாளி வீடு மாதிரி ஒதுங்கிப் போனார்கள். வீட்டுக்காரர் வந்து காலி பண்ணச் சொன்ன இடங்களும் உண்டு. அதற்குப் பயந்தே காய்ச்சலை மறைத்தார்கள். மறைத்த வீட்டில்தான் நோய் முற்றியது. வேப்பிலையால் அம்மை ஒழிந்தது என்று நான் சொல்லவில்லை. வீடு வீடாகப் போய் அம்மை குத்தியவர்களால்தான், 1975-க்குப் பிறகு இந்த நாட்டில் பெரியம்மை இல்லாமல் போனது. நோயாளியை ஊரோடு சேர்த்து வைத்துக்கொள்ள நம்மிடம் ஒரு வழி இருந்தது, அதை நாங்கள் பயன்படுத்தவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

கொசு ஒழிப்புப் பணியாளர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் நன்றி கெட்டவன். 2017-இல் டெங்கு சேலத்தைப் படுத்திய பாடு உங்களுக்கு நினைவிருக்கும். தொட்டி, ட்ரம், ஆட்டுக்கல் என்று ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்த அதே பிள்ளைகள்தான், 2020-இல் காய்ச்சல் பார்க்கும் கருவியோடு அதே வாசல்களில் நின்றார்கள். கதவைத் தட்டினால் 'தண்ணித் தொட்டி பாக்க வந்தியா கண்ணு' என்று திறந்தார்கள். அந்தப் பழக்கம் டெங்கு காலத்திலிருந்து சேர்ந்தது. அதைச் சேர்த்துவைத்த பிள்ளைகளில் பலருக்கு வேலை நிரந்தரமில்லை. ஒப்பந்தம் முடிந்து அவர்கள் போனால், தெருவைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததும் அவர்களோடு போய்விடும்.

சரி, மலைக்குப் போவோம். என் தங்கையைக் கட்டிக்கொடுத்தது ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வேறு உலகம். கீழே எங்களுக்கு இல்லாத ஒன்று அங்கே இருந்தது. ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்து முடிந்து, கொரோனா வரும்போது ஊராட்சித் தலைவர்கள் பதவியேற்று மூன்று மாசம்கூட ஆகவில்லை. தங்கை ஊரில் முதல் வேலையாக, வெளியாள் வராமல் மரத்தை வெட்டிப் போட்டு வழியை அடைத்துவிட்டார்கள். தலைவர்தான் போய்ப் பேசி, 'ஆம்புலன்ஸ் வந்தா என்ன பண்ணுவீங்க' என்று கேட்டு, மரத்தை உருட்டிவிட்டுக் கயிறு கட்டி, ஆளுக்கு ஒரு முறை என்று காவல் போட வைத்தார். எனக்குத் தகரத்தில் பட்டு வந்த புத்தி அவருக்கு முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. ஊர்க்காரர் என்பதால்தான்.

2021 செப்டம்பர் 12-இல் மெகா தடுப்பூசி முகாம்கள் தொடங்கின. முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில். ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது என்று மக்கள் நினைத்து ஞாயிறு வர மறுத்ததால், அக்டோபரில் அரசே சனிக்கிழமைக்கு மாற்றிப் பார்த்தது. தெருவுக்குக் காது கொடுத்துச் செய்த மாற்றம் அது. ஆனால் மலையில் அதுவும் பற்றவில்லை. காபிப் பழம் பறிக்கிற காலம் வந்துவிட்டது. விடிகாலையில் தோட்டத்துக்குப் போனால் இருட்டும்போதுதான் வீடு. பகலில் முகாம் போட்டு யாரைக் கூப்பிடுவது? தலைவர் நர்சம்மாவைக் கூட்டிக்கொண்டு, பழம் எடை போடுகிற களத்துக்கே போய்விட்டார். எடை போட வரிசையில் நின்றவர்கள், எடை போட்ட கையோடு ஊசிக்கும் நின்றார்கள். என் தங்கை முதல் ஊசி போட்டுக்கொண்டது அப்படித்தான். கையெல்லாம் காபிப் பழச் சாறு ஒட்டியிருக்க, சட்டையைத் தூக்கித் தோளைக் காட்டினாளாம்.

இரண்டாம் அலையைப் பற்றி அதிகம் பேச என்னால் முடியவில்லை. 2021 மே மாதம் சேலம் உருக்காலை வளாகத்தில் ஆக்சிஜனோடு 500 படுக்கை போட்டார்கள். அது பல உயிரைக் காத்தது. அதற்கு முந்தின இரண்டு வாரத்தில் எனக்கு ராத்திரி வந்த போன்களை நான் இன்னும் மறக்கவில்லை. மயானத்தில் வேலை பார்த்தவர்கள் கவச உடையோடு உட்கார்ந்தபடியே தூங்கியதைப் பார்த்திருக்கிறேன். அவர்களை யாராவது மேடையேற்றி ஒரு துண்டு போட்டிருக்கிறோமா?

இப்போது மேயர் வந்தாயிற்று, கோட்டத்துக்கு ஒரு கவுன்சிலர் வந்தாயிற்று. 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் ஏரியா சபை கூட்டத் தொடங்கினார்கள். கிராம சபை மாதிரிதான், நம் தெருக்காரர்களே உட்கார்ந்து பேசுகிற இடம். போன தடவை எங்கள் ஏரியா சபைக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பேசியது தெருவிளக்கும் சாக்கடையும். அதுவும் வேண்டியதுதான். அதோடு இதையும் பேசுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன். அடுத்த காய்ச்சல் எப்போது வரும், என்ன பெயரில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வருகிற அன்றைக்கு மாடிப்படிக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்பதை இன்றைக்கே எழுதி வைக்கலாம்.

நான் அந்தக் காலத்தில் எழுதிய நோட்டு வீட்டில் இருக்கிறது. அதைக் கொண்டுவரவில்லை, அதில் நோயாளிகள் பெயர் இருக்கிறது. இதோ மேஜையில் இருப்பது புது நோட்டு. தெருவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இந்தக் கோட்டத்தின் தெருப் பெயர்களை மட்டும் எழுதியிருக்கிறேன். உங்கள் தெருவில் தனியாக இருக்கிற வயசானவர், நடக்க முடியாதவர், டயாலிசிஸுக்குப் போகிறவர் இருந்தால் முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சம்மதித்தால் மட்டும், எந்த வீடு என்று நமக்குப் புரிகிற மாதிரி அடையாளம் சொல்லி எழுதுங்கள், கதவு எண் வேண்டாம். அடுத்த ஏரியா சபையில் இதைக் கவுன்சிலரிடமும் சுகாதார ஆய்வாளரிடமும் கொடுப்போம். வருஷா வருஷம் திருத்துவோம். மாவு மில் சந்துக்கு நான் முதல் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறேன். அந்த அம்மாவிடம் போன வாரமே கேட்டுவிட்டேன், 'எழுதிக்கோங்க சார்' என்றார். பென்சில் பக்கத்திலேயே இருக்கிறது.